பெனடிக்டின் லாரிக்கு ஒரு டர்போ

உக்கடம் லாரிப்பேட்டைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஷேக் பரீத் இருபத்தாறு வருடம் டர்போ வேலை மட்டுமே பார்த்தார். இன்ஜின், கிளட்ச், பிரேக் எதையும் தொடமாட்டார். யாராவது வற்புறுத்தினால், "அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க, நமக்கு இது ஒண்ணுதான் தெரியுமுங்க" என்று பக்கத்துப் பட்டறையைக் கைகாட்டிவிடுவார்.

அதற்கு முன்பு கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில், சுழலும் பாகங்களின் எடையைச் சமன்படுத்தும் பிரிவில் இருந்தார். கம்பெனியை மூடியபோது அந்தச் சமன்படுத்தும் மெஷினைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பட்டறை அப்படித்தான் ஆரம்பித்தது.

டர்போ என்பது பெரிய சாமான் இல்லை. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வழியில் ஒரு சின்னச் சக்கரம், புகையின் வேகத்தில் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் டீசல் முழுசாக எரியும், வண்டியின் இழுவை கூடும். அந்தத் தண்டை, பட்டறைப் பேச்சில் சாஃப்டை, தாங்கிப் பிடிப்பவை புஷ் எனப்படும் விரல் கனமுள்ள இரண்டு உலோக வளையங்கள்தான். புஷ்ஷுக்கும் சாஃப்டுக்கும் நடுவில் தலைமுடியளவு இடைவெளியில் ஆயில் ஓடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஒன்றுக்கு ஆயிலைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

சாஃப்டின் ஆட்டத்தைப் பார்க்க மற்றவர்கள் அளவுகோல் வைப்பார்கள். பரீத் வலது கை ஆள்காட்டி விரலால் சக்கரத்தின் நுனியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். பொள்ளாச்சியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் அதற்காகவே வண்டிகள் வந்தன.

பெனடிக்ட் கருமத்தம்பட்டிக்காரன். முப்பத்தொன்பது வயது. சொந்தமாக ஓர் ஆறு சக்கர லாரி வைத்து, அவனே ஓட்டினான். கோவையிலிருந்து வார்ப்படச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அன்னூர், சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலையேறி மைசூருக்குப் போவான். திரும்பும்போது மக்காச்சோளம் ஏற்றி வந்து பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன ஆலையில் இறக்குவான். திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். சரக்கு வண்டிகளுக்குப் பகலில் மட்டும்தான் அனுமதி. மாலை ஆறு மணிக்குச் செக்போஸ்ட்டை அடைத்துவிட்டால் விடியும்வரை ரோட்டோரம் கிடக்க வேண்டியதுதான். அரை மணி நேரத் தாமதத்தில் ஒரு நாள் போய்விடும்.

அதனால் பெனடிக்ட் இன்ஜினில் கைவைத்திருந்தான். பம்பில் டீசல் அளவைக் கூட்டி, டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் பெரிதாக மாற்றினான். இழுவை கூடியது. கூடவே கரும்புகையும் சூடும் கூடின. பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு வியாழக்கிழமை காலை, லாரியைப் பட்டறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பாய், இந்த டர்போ பத்தமாட்டேங்குதுங்க. கொஞ்சம் பெருசா ஒண்ணு மாட்டிக் குடுங்க."

"டீசலைக் கூட்டிப்போட்டு வந்து காத்து பத்தலைங்கறீங்களே, தம்பி. பம்பைக் கொஞ்சம் குறைங்க. இதுவே போதும்."

"குறைக்கறதுக்காங்க பாய் கூட்டினேன்?"

பரீத் சிரித்தார். எட்டு வருடமாக வருகிறவன். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவான்; பெருநாளன்று பரீத் வீட்டுப் பிரியாணி தூக்குப்போசியில் கருமத்தம்பட்டி போகும். அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் இன்ஜின் கொள்ளளவையும் சுற்றையும் டீசல் அளவையும் எழுதிக் கணக்குப் போட்டார். இப்போதிருக்கும் டர்போவில் காற்று உறிஞ்சும் வாய் நாற்பத்தாறு மில்லிமீட்டர். கூட்டிய டீசலுக்கு ஐம்பத்தொன்று இருந்தால் சரியாக இருக்கும்.

"அம்பத்தொண்ணு புனேயிலிருந்து வரோணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? திங்கக்கிழமை மைசூருக்குக் கெளம்பறேன்னு ஆலையில சொல்லிப்போட்டேனுங்க. சொன்ன நாள்ல சோளம் வந்துச்சுன்னா வருசம் முழுக்க லோடு குடுக்கறேங்கறாங்க." பெனடிக்டின் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. "அது என்னதுங்க பாய்?"

அது உடைப்புக்குப் போன ஒரு பத்துச் சக்கர லாரியிலிருந்து வந்தது. வாய் ஐம்பத்தெட்டு. பெனடிக்டின் இன்ஜினுக்கு அது பெரிசு. பெரிய சக்கரம் சுழல நிறையப் புகை வேண்டும். வளைவில் வேகம் குறையும்போது அது தூங்கிவிடும். வளைவு தாண்டிய பிறகு ஒரேயடியாக எழுந்து தள்ளும். இதையெல்லாம் பரீத் சொன்னார். பெனடிக்ட் கேட்டுக்கொண்டான். ஓட்டிப் பழகினால் சரியாகிவிடும் என்றான்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த டர்போவை ஒரு மாதத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருந்தார். சாஃப்டில், புஷ் உட்காரும் இடத்தில், ஒரு கீறல். நகத்தை ஓட்டினால் தட்டியது. அப்படிப்பட்ட சாஃப்டை அவர் திரும்பப் பூட்டியதே இல்லை. வெளிக்கூட்டுக்கு மட்டும் ஆகும் என்றுதான் அதை மேல்தட்டில் வைத்திருந்தார்.

"இது வேண்டாமுங்க, தம்பி. பத்து நாள் பொறுங்க."

பெனடிக்ட் தலையைச் சொறிந்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "சங்ககிரியில ஒருத்தரு ஒரே நாள்ல மாத்திக் குடுக்கறாராமா. டிரைவர் பசங்க சொல்றானுங்க. பாய்க்கு வயசாகிப்போச்சு, பெரிய வேலைன்னா பயப்படறாருன்னு. நான்தான் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போகக்கூடாதுன்னு வந்தேன்."

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் பரீத்துக்கு முகம் சுண்டிப்போனது. ஐம்பத்தேழு வயது. பயம் என்று யாரும் அதுவரை அவரைச் சொன்னதில்லை. எழுந்து போய் மேல்தட்டிலிருந்து டர்போவை இறக்கினார்.

அன்றும் மறுநாளும் அதே வேலை. எமரித் தாளில் ஆயிலைத் தடவிக் கீறலைத் தேய்த்தார். நகம் தட்டுவது நின்றது. தேய்த்த அளவுக்குச் சாஃப்ட் மெலிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். புதுப் புஷ், ஆயில் கசியாமல் அடைக்கும் புது ரிங் போட்டு, மெஷினில் ஏற்றிச் சமன்படுத்தினார். விரலால் அசைத்துப் பார்த்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை. ஓடினால் ஓடும் என்று நினைத்தார். ஐம்பத்தொன்று வந்ததும் கழற்றி மாற்றிவிடலாம் என்றும் நினைத்தார். புனேக்குச் சொல்லியும் வைத்தார்.

சனிக்கிழமை பூட்டும்போது பெனடிக்ட் கேட்டான். "நல்ல சாமானுங்களா, பாய்?"

"என்னை நம்பி ஓட்டுங்க" என்றார் பரீத்.

செவ்வாய்க்கிழமை மதியம் மலைக்கு மேலேயிருந்து போன் வந்தது. பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம். "பாய், பறக்குதுங்க! எப்பவும் ஏறுற நேரத்துக்கு முக்கா மணி முன்னாடியே ஏறிட்டேன். வளைவுல கொஞ்சம் முக்குது, அப்புறம் பாருங்க, எவனோ பின்னாலிருந்து தள்ளுற மாதிரி." பரீத் அதைச் சந்திலிருந்த நாலு பேரிடம் சொன்னார். சங்ககிரி என்ற பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஐம்பத்தொன்று புனேயிலிருந்து வந்து சேர்ந்தது. பிரிக்காத பெட்டியாக அலமாரிக்குப் போனது. பெனடிக்டைக் கூப்பிட்டு மாற்றச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் கீறலைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினெட்டாம் நாள் காலையில் மறுபடி போன். "பாய், காலைல ஸ்டார்ட் பண்ணினா நீலமாப் புகையுதுங்க. ஆயில் வேற ஒரு லிட்டருக்கு மேல கொறைஞ்சிருக்குது."

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பரீத் உடனே சொன்னார். "வேற எங்கயும் போகாதீங்க, கண்ணு. மெதுவா இங்க கொண்டாந்துருங்க."

பதினோரு மணிக்கு லாரி வந்தது. பரீத் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஓஸ் குழாயைக் கழற்றினார். டர்போவின் வாயில் ஆயில் தேங்கி நின்றது. விரலை விட்டு அசைத்தார். சக்கரம் பக்கச் சுவரில் போய் உரசியது. அப்போதே டர்போவைக் கழற்றிக் கீழே வைத்திருக்க வேண்டும். ஸ்பானரை எடுக்கத் திரும்பினார்.

"பாய், ஒரு விசிலடிக்கிற சத்தம் வருது. கழட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா கேட்டுருங்களேன்" என்று பெனடிக்ட் கேபினில் ஏறினான்.

"சரி, ஒரு நிமிசந்தான்."

இன்ஜின் ஓடத் தொடங்கியது. ஐந்தாறு விநாடி ஒழுங்காக ஓடியது. பிறகு யாரும் மிதிக்காமலேயே சுற்று ஏறியது. டீசல் இன்ஜின் ஆயிலிலும் ஓடும். டர்போவின் ரிங்கைத் தாண்டி வந்த ஆயில் காற்றோடு கலந்து உள்ளே போய் எரியத் தொடங்கியிருந்தது. பெனடிக்ட் சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்தான். அது டீசலில் ஓடவே இல்லையே, எப்படி நிற்கும்? சத்தம் அலறலாக ஏறியது. சந்து முழுக்க வெள்ளைப் புகை. எதிர்க்கடைக்காரர்கள் ஓடினார்கள்.

"இறங்கி ஓடு! ஓடு!" என்று பரீத் கத்தினார். காற்றை அடைத்தால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கழிவுத் துணியைச் சுருட்டி டர்போவின் வாயில் திணித்தார். அது துணியை விழுங்கிவிட்டது. ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினார். ஆயிலில் பலகை வழுக்கியது. கை உள்ளே போனது.

பெனடிக்ட் கேபினிலிருந்து இறங்கிவிட்டான். இறங்கி ஓடியிருக்கலாம். அவன் வண்டியைச் சுற்றி வந்து, "விடுங்க பாய்!" என்று பின்னாலிருந்து பரீத்தின் தோளைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் சக்கரம் வெடித்தது. அலுமினியக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு துண்டு பெனடிக்டின் காதுக்குக் கீழே பாய்ந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே ஆட்டோவில் அவன் உயிர் போய்விட்டது.

பரீத்துக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஒரு காது கேட்காது. போலீஸ் வந்து, வண்டிக்காரரே இன்ஜினை ஸ்டார்ட் செய்தார், டர்போ வெடித்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து கீறலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதை அறிந்தவர் பரீத் ஒருவர்தான்.

கோட்டைமேட்டு வீட்டில் அவர் மனைவி உம்மல் குல்சும்தான் சோறு ஊட்டிவிட்டார். பன்னிரண்டு நாள் பரீத் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் மதியம், வாயில் சோற்றோடு, கீறலைப் பற்றிச் சொன்னார். எமரித் தாள், "என்னை நம்பி ஓட்டுங்க" என்று சொன்னது, பிரிக்காத பெட்டி எல்லாவற்றையும். குல்சும் தட்டைக் கீழே வைத்தார்.

"இதை என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அந்தத் தம்பியோட சம்சாரத்துகிட்டல்ல சொல்லோணும்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியல."

"எனக்குந்தான் தெரியல." தட்டை மறுபடி கையில் எடுத்து, "நானும் வாரேன்" என்றார்.

பெனடிக்டின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் இருவரும் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். பெனடிக்டின் மனைவி கிளாடிஸ் திருப்பூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். அன்று வேலைக்குப் போகவில்லை. நாற்காலி போட்டாள். எட்டு வயது மகள் ஜோஸ்லினை உள்ளே போய் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னாள். பரீத்தின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஆனாலும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாய் மாட்டிக் குடுத்தா கண்ணை மூடிட்டு ஓட்டலாம்பாருங்க அவரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கீறல் இருக்குதுன்னு அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, அவரு காத்திருப்பாருங்களா?"

இல்லை, அவன் அவசரக்காரன், கேட்டிருக்க மாட்டான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகக்கூடத் தோன்றியிருக்காது. பரீத் தரையைப் பார்த்தபடி சொன்னார். "காத்திருப்பாருங்க, அம்மணி. என்னைத் திட்டிப்போட்டு, காத்திருப்பாரு."

கிளாடிஸ் எழுந்தாள். கதவருகே போய் நின்றாள். அந்தப் பக்கத்தில் பகையாளியைக்கூட வாசலில் "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புவார்கள். அவள் "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் குல்சும் அழுதார். பரீத் வீட்டுக்குப் போகவில்லை. உக்கடத்தில் இறங்கி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த எஸ்.ஐ. கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"முடியப்போற ஃபைல் பாய். கையும் போயி, தொழிலும் போயி, எதுக்கு நீங்களே வந்து தலையைக் குடுக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க."

"எழுதிக்குங்க சார்" என்றார் பரீத். அவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. மாலைவரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதிக்கொண்டார்கள். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார். கையெழுத்துப் போட அப்போது இன்னும் பழகியிருக்கவில்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று வழக்கானது. ஒன்றரை வருடம் வாய்தா வாய்தாவாக நடந்தது. இடையில் பட்டறை போனது. அந்த இடத்தை யாகூப் என்பவர் எடுத்து, ஓஸ், ஃபில்டர், பெல்ட் விற்கும் கடை வைத்தார். பரீத் அதே கடையில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு விரலால் சணல் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார். விஷயம் தெரியாத வெளியூர் டிரைவர்கள் சிலர் இன்னமும் வந்து, "பாய், இந்த இன்ஜினுக்கு எந்த டர்போ சரியா வருமுங்க?" என்று கேட்பார்கள். "தெரியாதுங்க" என்பார். ஒருமுறை ஒரு வாலிபன் விடாமல் கெஞ்சியபோது கடையைவிட்டே வெளியே போய்விட்டார்.

வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். போலீஸில் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, நிரூபிக்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லை, மறுத்துவிடுங்கள், விடுதலை நிச்சயம் என்றார். கடைசி வாய்தாவில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது பரீத் ஒத்துக்கொண்டார். வயது, உடல் ஊனம், தானாக வந்து வாக்குமூலம் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லி, மாஜிஸ்திரேட் ஓர் அபராதமும், அன்று கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும் விதித்தார்.

பரீத் புரியாமல் நின்றார். ஜெயிலுக்குப் போக மாற்று லுங்கியும் சர்க்கரை மாத்திரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"அவ்வளவுதான் பாய். அந்த பெஞ்சுல உக்காருங்க. சாயங்காலம் போயிடலாம்" என்று வக்கீல் சந்தோஷமாகச் சொன்னார்.

பரீத் பெஞ்சில் உட்கார்ந்தார். காசோலை வழக்கு, குடும்பத் தகராறு, ஹெல்மெட் போடாத வழக்கு என்று ஒவ்வொன்றாக அழைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில், சுவரோரம், கிளாடிஸ் உட்கார்ந்திருப்பதை மதியம் நெருங்கும்போதுதான் கவனித்தார். அன்று வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் குல்சும் டிபன் டப்பாவோடு அவளருகே போனார்.

"ஒரு வாய் சாப்பிடு கண்ணு."

"வேண்டாமுங்க" என்றாள் கிளாடிஸ். குல்சும் டப்பாவை மூடிக்கொண்டு அங்கேயே, ஓர் ஆள் இடம்விட்டு, உட்கார்ந்தார். சாயங்காலம்வரை அவரும் சாப்பிடவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கோர்ட் கலைந்தது. "போலாம்" என்று சொல்லிவிட்டு ஊழியர் மின்விசிறியை நிறுத்தினார். படியிறங்கி வந்தபோது கிளாடிஸ் கீழே நின்றுகொண்டிருந்தாள். பரீத் நின்றார். கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினார்.

"இனிமே இதுக்காக நான் இங்க வரவேண்டியதில்லீங்களே?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, அம்மணி. முடிஞ்சுபோச்சு."

"காலைல இருந்து உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். அழுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடைபாதைக் கடைகளைத் தாண்டி அவிநாசி ரோட்டுப் பக்கம் நடந்தாள். கருமத்தம்பட்டி வழியாகப் போகும் பஸ் அங்கேதான் வரும்.

குல்சும் ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டார். பரீத்துக்கு அது கேட்கவில்லை. அவருடைய கேட்காத காதின் பக்கம் குல்சும் நின்றிருந்தார். குல்சும் சுற்றிவந்து மறுபடி கேட்டார்.